சர்க்கரை போடாத கூழ்

ஏழு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று காப்பகத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பெரிய டீச்சர் முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தார். சின்ன டீச்சர் மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்று, "வாங்கக்கா" என்றாள். கையைப் பிசைந்துவிட்டு, "கேஸ் நேத்துதான் மாத்துனோம்" என்றாள்.

"அப்படியா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கடைசியாகக் கட்டியபோது நாடா இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடவே பாடுபட்டன. இப்போது இடுப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்து, முன்னால் முடிச்சுப் போடவும் மீதி இருந்தது. முடிச்சைப் போட்டாள். பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்தக் காப்பகத்தில் பத்தொன்பது குழந்தைகள். காலையில் பால், மதியம் சாப்பாடு, மூன்றரை மணிக்குத் தின்ன ஏதாவது ஒன்று. இவ்வளவையும் ஒற்றை ஆளாகச் செய்பவள் அவள். குழந்தைகளுக்கு அவள் சமையலக்கா. கூட்டிப்போக வரும் பெற்றவர்களுக்கும், தபால்காரருக்கும்கூட அதுவே பெயராகிவிட்டது.

எட்டு மாத வயிற்றோடு லீவில் போனாள். பிறந்தது பெண். ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தது. மறுநாள் காலையில், மருத்துவமனை ஊழியர் ஒருவர் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லாமல் போனது. இருதயத்துக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். படம் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன ஆகப்போகிறது.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகையே வரவில்லை. நாத்தனார் தினமும் போன் பண்ணி, "அழுதுடு, உள்ளயே வெச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, சொல்கிறாளே என்று ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். வாளி நிரம்பியதுதான் மிச்சம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, தொட்டால் தன்னுடையதுதான், ஆனால் வேறு யாருடையதையோ தொடுவதுபோல, அப்படி இருந்தது முழு உடம்பும்.

நாக்கும் சேர்ந்து மரத்துப்போனது என்பதைக் கண்டுபிடித்தது அவள் இல்லை, அவள் கணவன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சூப்பை வாயில் வைத்தவன், "உப்பு ரெண்டு தடவ போட்டியா?" என்று கேட்டான். அவள் அப்போது தன் கிண்ணத்தை முழுதாகக் குடித்து முடித்திருந்தாள். மறுநாள் அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போன பிறகு ஒரு சிட்டிகை உப்பு, பிறகு சர்க்கரை, பிறகு ஒரு எலுமிச்சைத் துண்டு என்று வரிசையாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் நனைந்த காகிதம் மாதிரி இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரி நாக்கு செத்துவிட்டது என்று சொன்னால், டிரைவர் கண் தெரியவில்லை என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

முதல் வாரம் கை பழக்கத்திலேயே ஓடிவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை கரண்டி என்பது கைக்குத் தெரியும். நாக்கைக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டாவது வாரம் பல் டாக்டர் வந்தார். பத்தொன்பது வாய்களையும் திறக்கச் சொல்லி, சின்ன விளக்கு அடித்துப் பார்த்தார். பதினொரு வாயில் சொத்தை. மூன்றரை மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கிரீம் பிஸ்கட்டும் ஜாம் தடவிய ரொட்டியும் என்று பெரிய டீச்சர் குற்றவாளிபோலச் சொன்னார்.

டாக்டர் போன கையோடு பெரிய டீச்சர் சமையலறைக்கு வந்தார். "ஏம்மா, பழத்தை வேக வெச்சு மசிச்சு சாஸ் மாதிரி பண்ணுவாங்களாமே? சர்க்கரை இல்லாம. நல்ல ஆகாரம்னு அவரே சொல்றார். உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். ஆப்பிள்ல பண்ணலாம்."

"சாஸ்னு சொன்னா இதுங்க தக்காளி சாஸ்னு நெனச்சுக்கும். வேற பேர் வெச்சுடு."

அப்படித்தான் அது ஆப்பிள் கூழ் ஆனது.

பழக்கடையிலிருந்து இரண்டு பெட்டி ஆப்பிள் வந்து இறங்கியது. அவள் தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள். பெரிய பாத்திரத்தில் அடி பிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர். மூடி போட்டு, தீயைக் குறைத்து, இருபது நிமிடம். துண்டுகள் குழைந்து தளதளவென்று கொதித்தபோது இறக்கி, மரக்கரண்டியால் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்தாள். நிறம் கறுக்காமல் இருக்க, எப்போதும் செய்கிறபடி ஒரு முழு எலுமிச்சை பிழிந்தாள். ஒரு கரண்டியை வாயில் வைத்தாள். சூடு தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

மூன்றரைக்குப் பத்தொன்பது கிண்ணம் போயிற்று. மூன்று முப்பத்திரண்டுக்குப் பத்தொன்பதும் திரும்பி வந்தன. ஒருத்தன் மேஜைமேலேயே துப்பியிருந்தான். இன்னொருத்தி நாக்கை வெளியே நீட்டியபடி உள்ளே இழுக்க மறுத்து உட்கார்ந்திருந்தாள்.

சின்ன டீச்சர் ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு ஒற்றைக் கண்ணை மூடினாள். "அக்கா, காதுவரைக்கும் புளிக்குது! ருசி பாக்கலையா?"

"பாத்தேனே."

"பழமே புளிப்பு போலிருக்கு. அதுல எலுமிச்ச வேற."

"நாளைக்கு மாத்திப் பண்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் எல்லாக் கிண்ணத்தையும் ஒரே வாளியில் கொட்டினாள். வெட்கமோ வருத்தமோ வரவேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

திரும்பியபோது கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். நாலு வயது, இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை. காப்பகத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். 'ஏன்' என்று ஆரம்பித்தால் எதிராளி சோர்ந்து உட்காரும் வரை விடமாட்டாள். தூங்கும் நேரத்தில் தூங்காமல் இருக்க அவள் சொன்ன காரணங்களைக் கேட்டுவிட்டு, பெரிய டீச்சரே ஒருமுறை அவளை வெளியே விளையாட விட்டிருக்கிறார்.

"நீங்க ருசி பாக்கல" என்றாள் வக்கீல்.

"பாத்தேன்."

"கரண்டிய வாயில வெச்சீங்க. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஆனா மூஞ்சி ஒண்ணுமே பண்ணல. எங்க எல்லாருக்கும் மூஞ்சி இப்படி ஆச்சு." கண்ணையும் மூக்கையும் ஒன்றாகச் சேர்த்து எலுமிச்சை தின்ற முகத்தைக் காட்டினாள். "உங்களுக்கு ஏன் ஆகல?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இவளை அனுப்ப ஒரு பொய் போதாது, அதைத் தாங்க இன்னும் நாலு பொய் வேண்டும். அவ்வளவு தெம்பு அவளிடம் இல்லை.

"எனக்கு ருசியே தெரியல."

"ஏன்?"

"கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து."

வக்கீல் இதைத்தான் எதிர்பார்த்திருந்தவள்போல உள்ளே ஓரடி வைத்தாள். "பாப்பா ஊருக்குப் போயிருக்குன்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. எந்த ஊரு?"

அவள் கவிழ்த்த கிண்ணங்களை மறுபடி அடுக்கினாள்.

"அதுக்குத்தான் நடக்கவே தெரியாதே. அது எப்படித் தனியா ஊருக்குப் போச்சு? நீங்க ஏன் கூடப் போகல?"

"ஊருக்கெல்லாம் போகல" என்றாள் அவள். "பாப்பா செத்துப்போச்சு."

மருத்துவமனையில் எல்லோரும் வேறு வேறு வார்த்தையாகச் சொன்னார்கள். நாத்தனார் 'நம்மள விட்டுட்டுப் போயிடுச்சு' என்றாள். கணவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அறை அப்படியேதான் இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதனால?"

"இருதயத்துக்குள்ள சின்னக் கதவு இருக்கும். பாப்பாவுக்கு அது சரியா மூடல."

வக்கீல் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டாள்.

பெயர் இருந்தது. ஐந்தாவது மாதத்திலேயே அவளும் கணவனும் யோசித்து வைத்த பெயர். யாரிடமும் சொன்னதில்லை. அவள் குனிந்து அதைச் சொன்னாள். வக்கீல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

"சரி" என்றாள் வக்கீல், வழக்கை முடித்துவைப்பவள்போல. "நாளைக்கு நான் வந்து ருசி பாக்கறேன். நீங்க சும்மா கிண்டுங்க."

மறுநாள் அப்படியே நடந்தது. ஒரு முக்காலி போட்டு அவளை அடுப்புக்கு எட்டத்தில் உட்காரவைத்தாள். இந்த முறை எலுமிச்சை நாலே சொட்டு. ஆற வைத்த கரண்டியை நீட்டினாள். வக்கீலின் கண் லேசாகச் சுருங்கியது. "இன்னும் புளிக்குது. ஆனா கொஞ்சம்தான்." ஊறவைத்த உலர் திராட்சையை ஒரு கை அள்ளி மசித்துக் கலந்தாள். "இப்போ?" வக்கீல் பதில் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினாள், இன்னொரு கரண்டிக்கு. துளி பட்டைத்தூள் சேர்த்தபோது, "இது அலமாரி வாசனை. ஆனா நல்லா இருக்கு" என்று தீர்ப்பு வந்தது. அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு கிண்டினாள்.

அன்று பத்தொன்பது கிண்ணமும் துடைத்துவைத்ததுபோலத் திரும்பின. துப்பினவன் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து இன்னும் கேட்டான். பெரிய டீச்சர் தன் பங்கை நின்றபடியே முடித்துவிட்டு, "ஜாம் பாட்டிலையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்" என்றார்.

நாலாம் நாள் வக்கீலின் அம்மா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சீருடையோடு, டியூட்டி முடிந்த கையோடு, நேராகச் சமையலறைக்கே வந்து நின்றாள். பின்னாலேயே பெரிய டீச்சர் பதறிக்கொண்டு வந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்று ஆரம்பித்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "ஆனா நாலு வயசுக் குழந்தைகிட்ட சொல்ற விஷயமா அது? மூணு நாளா அவ தூங்கல. எங்களையும் தூங்க விடல."

"அவ கேட்டா" என்றாள் சமையலக்கா.

"கேட்டா? அவ ஆயிரம் கேப்பா. எல்லாத்துக்கும் பதில் சொல்லிடறதா? ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிருக்கக் கூடாதா?"

"சொல்லிருக்கலாம். அவ கண்டுபிடிச்சுடறா."

"அது என்னவோ வாஸ்தவம்தான்" என்றாள் பேருந்துக்காரி, தன்னை மீறி. பெரிய டீச்சர் மெதுவாக, "ஊருக்குப் போயிருக்குன்னு சொன்னது நான். அதுலதான் ஆரம்பிச்சது" என்றார்.

அடுப்பின்மேல் அன்றைய கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்து என் மார்மேல காத வெச்சுப் படுத்துக்கிட்டா" என்றாள் பேருந்துக்காரி. குரல் இறங்கியிருந்தது. "'அம்மா, உன் கதவு ஒழுங்கா மூடுது. நான் கேட்டுட்டேன், நீ தூங்கு'ங்கறா. நான் எங்க தூங்கறது?" சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

சமையலக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துக்காரி தன் மகளுக்காக இப்படி அழுவதைப் பார்ப்பது, தூரத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்ப்பதுபோல இருந்தது. அதில் எரிச்சல் இல்லை, பொறாமை இல்லை. ஒரு கிண்ணத்தில் கூழை ஊற்றி, கரண்டி போட்டு அவளிடம் நீட்டினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பேருந்துக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, "சர்க்கரை போடலையா நிஜமாவே?" என்றாள்.

"இல்ல. திராட்சைதான்."

"வீட்ல ஒரு ஆப்பிள் தின்ன மாட்டேங்கறா. எனக்கும் சொல்லிக்குடுங்க." பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "பேரு ரொம்ப நல்லா இருந்துச்சு. அவ சொன்னா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பேருந்துக்காரி ஒரு பை நிறைய ஆப்பிளோடு காப்பகத்துக்கு வந்தாள். சமையல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் தோல் சீவினார்கள். பேருந்துக்காரிக்குப் பிரேக்கில் இருக்கும் பக்குவம் கத்தியில் இல்லை. தோலோடு பாதிப் பழமும் போயிற்று. அவள் வாய் ஓயாமல் பேசினாள், ஸ்டாப்பில் நிற்காத ஸ்கூல் பையன்கள், சில்லறை தராத கிழவர், சிக்னலில் தூங்கிப்போன சக டிரைவர். சமையலக்கா 'ம்' கொட்டினாள். வக்கீல் முக்காலியில் உட்கார்ந்து, "அம்மா, தண்டுல விதை இருக்கு. எடு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கூழைப் பாட்டில்களில் நிரப்பும்போது, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டில் என்றால் ஃபிரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள் என்று சமையலக்கா சொல்லிக்கொடுத்தாள். அன்று அவள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போனாள். கணவன் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலில் புதைந்த கண்ணாடிச் சில்லை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தான். அவள் ஊசியை வாங்கி, வெளிச்சத்துக்கு அவன் கையைத் திருப்பி, சில்லை எடுத்தாள். அந்தக் கையை விடாமலே சொன்னாள்.

"காப்பகத்துல ஒரு பொண்ணு கேட்டா. பேரச் சொல்லிட்டேன்."

அவன் நிமிரவில்லை. "என் பேரையா?"

"பாப்பா பேர."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துவிட்ட சத்தம் கேட்டது.

"நான் ஒருநாள் எழுதினேன்" என்றான். "கடையில. கண்ணாடி அறுக்கற வைரமுனை கையில இருந்துச்சு. வெட்டினது போக மீந்த துண்டு ஒண்ணு கெடந்துச்சு. அதுல எழுதிட்டேன்."

"எங்க அது?"

"முதலாளி வர்ற சத்தம் கேட்டுச்சு. ஒடச்சுக் கூடையில போட்டுட்டேன்." அவன் விரலில் துளிர்த்த ரத்தத்தைப் பார்த்தான். "ஒடச்சிருக்கக் கூடாது."

"பரவாயில்ல, விடுங்க."

"இல்ல, ஒடச்சிருக்கக் கூடாது" என்றான் மறுபடியும். அவன் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் சட்டைக்குள் சூடு இருந்தது, அது கைக்குத் தெரிந்தது. அவள் கண் அப்போதும் காய்ந்தே இருந்தது.

அவன் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்தான். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து பத்து நாளைக்கு முன்பே வந்ததாம். அவளிடம் காட்டத் துணிவு வராமல் துணிக்கு அடியில் வைத்திருந்தானாம். பதிவேட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெற்றோர் விரும்பினால் நேரில் வந்து பெயர் சேர்க்கலாம் என்று இரண்டு வரி.

"வேண்டாம்னா விட்டுடலாம்" என்றான்.

"போலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. முன்வரிசையில் ஒரு புதுத் தகப்பன் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். குழந்தை கொட்டாவி விட்டது. அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயலவில்லை.

கவுண்டரில் இருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது.

"என்ன பேரு?" என்றார், குரலைத் தாழ்த்தி.

மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஒருத்தர் சொல்லுங்கம்மா, எழுத்துப் பிசகிடும்."

அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் அவசரப்படாமல் எழுதினார். பிறப்புப் பக்கத்தில் ஒருமுறை, இன்னொரு பக்கத்தில் ஒருமுறை. பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி, "சரியா இருக்கா பாருங்க" என்றார்.

மை இன்னும் காயவில்லை. குண்டு குண்டான கையெழுத்து. தெரியாத ஒரு மனிதர் எழுதியும், தப்பு எதுவும் இல்லை. அவள் தலையாட்டினாள். கணவன், "சரியா இருக்குங்க" என்றான். முத்திரை இரண்டு தடவை விழுந்தது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கவர் மடங்கிவிடாமல் கணவன் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். கடைத்தெருவுக்குப் போகும் பஸ் முதலில் வந்தது. ஏறிக்கொண்டு, படியில் நின்றபடி, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன்" என்றான். "வாங்க" என்றாள். பஸ் திருப்பத்தில் மறையும் வரை நின்றாள்.

மணி பதினொன்று ஆகிவிட்டிருந்தது. இன்று பேரிக்காய் வந்திருக்கும், அது ஆப்பிளைவிடச் சீக்கிரம் குழையும், தண்ணீரும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் பத்தொன்பது பேருக்கும் தோல் சீவி முடிக்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும், மதியச் சாப்பாட்டை வேறு கவனிக்க வேண்டும். அவள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காப்பகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.